கோப்பையும் சமையலறையும்

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களின் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்த கூட்டத்தில் ஒரு நூலைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னிடம் கேட்டபோது, சங்க இலக்கியத்திலிருந்தோ அண்மையில் மொழிபெயர்த்து முடித்த ஆவணத்திலிருந்தோ ஏதேனும் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தேர்ந்துகொண்டது ஜே. கே. ரவுலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் நான்காவது நாவல், 'காப்லெட் ஆஃப் ஃபயர்'. தமிழில் சொன்னால் 'நெருப்புக் கோப்பை'. அறிவிப்பு அனுப்பும் தோழர் தொலைபேசியில் அழைத்து, தலைப்பைச் சற்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று தயக்கத்தோடு கேட்டார். வேண்டாம் தோழர், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இதைப் படிக்க நேர்ந்த கதை எளியது. வரைவுத் தீர்மானம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். அதன் வினைமுற்றைக் கண்டுபிடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஓரிரவு உறக்கம் பிடிக்காமல் மகளின் புத்தக அலமாரியில் கை வைத்தேன். 636 பக்கங்கள். நான்கு இரவுகளில் முடித்தேன். ஐந்தாம் நாள் காலை அலுவலகத்திற்குத் தாமதமாகச் சென்றேன். காரணம் கேட்டபோது உடல்நலம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த நாவலை நான் ஆய்வுக்காகப் படிக்கவில்லை. ரசித்துப் படித்தேன். மாயக்கதை என்பது உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் சரக்கு என்று நம்மில் சிலர் கருதுவதுண்டு. இளமையில் நானும் அப்படிப் பேசியவன்தான். ஆனால் ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் உடலுக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைச் சொன்ன என் பாட்டி நாள் முழுதும் நாற்று நட்டவர். தன் வாழ்வை மறப்பதற்காக அவர் அக்கதையைச் சொன்னதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அரக்கனின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கற்பனைக்கு மட்டும் உரிய பாடமா என்ன?

படிக்காத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் மந்திரக் கல்வி அளிக்கும் பெரிய பள்ளிகள் மூன்று. பிரிட்டனில் ஹாக்வார்ட்ஸ், மற்றவை போபட்டான், டர்ம்ஸ்ட்ராங். மூன்றுக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. பள்ளிக்கு ஒருவராக மூவர், மூன்று சோதனைகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த அந்தப் போட்டியில் மாணவர்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்ததால் அது கைவிடப்பட்டது. இப்போது நாடுகளுக்கிடையே நல்லுறவை வளர்ப்பது என்ற பெயரில் அமைச்சகம் அதைத் தூசி தட்டி எடுக்கிறது. பதினேழு வயது நிரம்பியோர் மட்டுமே கலந்துகொள்ளலாம். பெயர்ச்சீட்டை நெருப்புக் கோப்பையில் இட வேண்டும். கோப்பையே வீரரைத் தேர்ந்தெடுக்கும். மூன்று பெயர்கள் வந்த பின், நான்காவதாக ஒரு சீட்டு வெளியே விழுகிறது. அதில் பதினான்கு வயதுச் சிறுவன் ஹாரி பாட்டரின் பெயர். அவன் சீட்டுப் போடவில்லை. ஆனால் பெயர் வந்துவிட்டால் விலக முடியாது. பரிசு ஆயிரம் பொற்காசுகள்.

உயிரைப் பணயம் வைக்கும் போட்டியில் இருக்கும் கிளர்ச்சி பழையது. முல்லைக்கலியின் ஏறுதழுவற் காட்சிகளை வகுப்பில் படித்தபோது, கொம்பில் குடல் சரியும் இளைஞர்களை எண்ணி வருந்திய அதே நேரத்தில், அடுத்த காளை எப்போது வரும் என்று பக்கத்தைத் திருப்பியவன் நான். இங்கும் அப்படித்தான். முதற் சோதனையில் பெண் டிராகனின் காலடியிலிருந்து பொன்முட்டையைக் கவர வேண்டும். இரண்டாவது, குளிர்ந்த ஏரியின் அடியில் ஒரு மணி நேரம். மூன்றாவது, நடுவில் வெற்றிக் கோப்பை வைக்கப்பட்ட புதிர்வழி. டிராகன் அத்தியாயத்தை இரவு ஒரு மணிக்கு இருமுறை படித்தேன். அதற்கு எந்தத் தத்துவ நியாயமும் என்னிடம் இல்லை.

ஆனால் படிக்கப் படிக்க ஒன்று கண்ணில் பட்டது. போட்டியாளர் யாரும் பிறர் உதவியைப் பெறக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் பள்ளித் தலைவர்களே முதலில் மீறுகிறார்கள். டிராகன்கள் வந்து இறங்கியதை இரு பள்ளித் தலைவர்களும் இரவோடு இரவாக அறிந்துகொண்டு தத்தம் வீரரிடம் சொல்லிவிடுவார்கள் என்பது ஹாரிக்குப் புரிகிறது. அவனுக்கும் ஒரு நண்பர் காட்டிவிட்டார். எதுவும் அறியாதவன் ஹாக்வார்ட்ஸின் முறையான வீரனான செட்ரிக் டிகரி ஒருவன்தான். செட்ரிக்கின் ஆதரவாளர்கள் ஹாரியை இழிவுபடுத்தும் பட்டைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிற நாட்கள் அவை. அப்படியிருந்தும் ஹாரி அவனைத் தனியே பிடித்து, வரப்போவது டிராகன் என்று சொல்லிவிடுகிறான். பின்னர் பொன்முட்டையின் புதிரை எப்படி அவிழ்ப்பது என்பதைச் செட்ரிக் அவனுக்குக் குறிப்பால் உணர்த்துகிறான். ஏரியின் அடியில், தன் நண்பனை மட்டும் மீட்டுக்கொண்டு மேலே வந்தால் போதும் என்ற நிலையில், மற்றவர்களின் பிணையாட்களும் காப்பாற்றப்படும் வரை ஹாரி காத்து நிற்கிறான். நேரம் கடந்துவிடுகிறது. வீரர் வந்து சேராத ஒரு சிறுமியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கடைசியாக மேலே வருகிறான்.

தோழர்களே, முதல் மூன்று இரவுகளில் நான் மிகவும் மகிழ்ந்துபோனேன். போட்டியாளர்கள் போட்டியின் விதியை மீறும்போதெல்லாம் மனிதர்களாகிறார்கள். இதை வைத்து நமது இதழுக்கு ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று மனத்திற்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன். நான்காம் இரவில் ஆசிரியர் என் கட்டுரையைக் கிழித்துப் போட்டார்.

நாவலின் இறுதியில் ஒரு வாக்குமூலம் வருகிறது. ஆண்டு முழுதும் ஆசிரியர் வேடத்தில் பள்ளிக்குள் இருந்தவன் எதிரியின் ஆள். ஹாரியைக் கோப்பையைத் தொடவைத்து, அதன் வழியாகத் தன் தலைவனிடம் சேர்ப்பதே அவன் பணி. முட்டையின் புதிரைச் செட்ரிக்குக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். செட்ரிக் நன்றியுள்ளவன், நிச்சயம் ஹாரியிடம் சொல்வான் என்பது அவன் கணக்கு. நல்லவர்களை வளைப்பது எளிது என்கிற பொருளில் அவன் பேசுகிறான். நாம் போற்றிய அந்தப் பரிமாற்றம் முழுவதும் அவன் திட்டத்தின் உறுப்பு.

இன்னும் ஒன்று. ஏரிக்கு அடியில் மூச்சுவிட உதவும் மூலிகையைப் பற்றிய நூலை அவன் முன்னதாகவே ஹாரியின் அறைத் தோழன் நெவிலிடம் கொடுத்துவைத்திருந்தான். ஹாரி கேட்டிருந்தால் நெவில் அக்கணமே சொல்லியிருப்பான். ஹாரி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. நெவில் மறதிக்காரன், மந்தமானவன் என்று எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன். இந்த இடத்தைப் படித்தபோது, கிளைக் கூட்டத்தில் ஒருபோதும் வாய் திறக்காத, நாமும் ஒருபோதும் கருத்துக் கேட்காத சில முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

நெவில் வழி அடைபட்ட பிறகு சதிகாரன் வேறொரு வழியைக் கண்டான். அந்த வழி சமையலறையிலிருந்து வருகிறது. நான் இன்று பேச வந்ததே அச்சமையலறையைப் பற்றித்தான்.

ஹாக்வார்ட்ஸில் விருந்து என்றால் வெறுந்தட்டுகளில் உணவு தானாகத் தோன்றும். முதல் மூன்று நாவல்களிலும் அது மாயம். நான்காவதில்தான் அது உழைப்பு என்று தெரியவருகிறது. விருந்து மண்டபத்திற்கு நேர் கீழே அதே அளவில் ஒரு சமையற்கூடம். மேலே உள்ள நான்கு நீண்ட மேசைகளுக்கு நேர் கீழாக அதேபோல நான்கு மேசைகள். கீழே வைக்கப்படும் உணவு கூரை வழியாக மேலே செல்கிறது. அடித்தளம், மேற்கட்டுமானம் என்று வகுப்பெடுக்கும் தோழர்கள் அடுத்த முறை கரும்பலகையில் இதை வரைந்து காட்டலாம். கீழே வேலை செய்வோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். கூலி இல்லை, விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. இதை அறிந்த கணத்தில் ஹெர்மயோனி என்னும் மாணவி தட்டை ஒதுக்கி வைத்துவிடுகிறாள்.

இவர்களை ஆங்கிலத்தில் ஹவுஸ் எல்ஃப் என்கிறார் ஆசிரியர். ஆர்வத்தால் ஓர் இயலை மொழிபெயர்த்துப் பார்க்கலாம் என்று அமர்ந்தேன். முதற் சொல்லிலேயே நின்றுவிட்டேன். குட்டிச்சாத்தான் என்றால் குறும்பும் தீங்கும் கலந்துவிடுகின்றன. கடைசியில் 'ஏவற்பூதம்' என்று எழுதினேன். ஏவியதைச் செய்யும் பூதம் நம் கதைகளிலும் உண்டு. அடுத்த இடர் இன்னும் பெரிது. டாபி என்னும் ஏவற்பூதத்தை எந்தச் சுட்டுப்பெயரால் குறிப்பது? ஆங்கிலத்தில் அமைச்சருக்கும் அடிமைக்கும் ஒரே சொல். தமிழில் அவன், அவர், அது என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த கணமே நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது வெளிப்பட்டுவிடும். எசமானர்கள் பேசும்போது 'அது' என்று வைத்தேன். டாபி தன்னை 'நான்' என்று சொல்வதே இல்லை, எப்போதும் தன் பெயரைத்தான் சொல்வார். அதற்கு 'அடியேன்' என்று எழுதி, அடித்து, மீண்டும் எழுதினேன். ஆழ்வார்கள் இறைவன் முன் சொன்ன சொல்லை எசமானன் முன் சொல்லவைக்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள், டாபியை 'அவர்' என்று சொல்லிவிட்டேன். கதைசொல்லியின் குரலில் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

டாபி விடுதலை பெற்றவர். எசமானன் ஓர் உடையைக் கையில் கொடுத்தால் ஏவற்பூதத்திற்கு விடுதலை என்பது அவ்வுலகின் சட்டம். நம் ஊரில் பொங்கலுக்குப் பண்ணையார் கொடுத்த வேட்டி அடுத்த ஆண்டுக்கும் பண்ணையாளைக் கட்டிப்போட்டது; அங்கே துணி கட்டை அறுக்கிறது. ஆனால் அறுந்த பின் என்ன? கூலி வேண்டும் என்று கேட்கிற ஒரே காரணத்தால் டாபிக்கு இரண்டாண்டுகள் நாடெங்கும் அலைந்தும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் பள்ளித் தலைவர் டம்பிள்டோர் வாரத்திற்குப் பத்துப் பொற்காசும் வார இறுதி விடுப்பும் தர முன்வருகிறார். டாபி பேரம் பேசுகிறார், குறைத்துக் கேட்டு! வாரத்திற்கு ஒரு காசு, மாதத்திற்கு ஒரு நாள் விடுப்பு என்று முடிக்கிறார். படிக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். தொழிற்சங்கத்தில் வேலை செய்த தோழர்கள் சிரிக்க மாட்டார்கள். கூலி உயர்வுக் கோரிக்கையில் எவ்வளவு எழுதலாம் என்று கேட்டால், உள்ளதையும் கெடுத்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்ட தொழிலாளரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

விங்க்கியின் நிலை இன்னும் கொடிது. அமைச்சகத்தின் உயர் அதிகாரி ஒருவரின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்த குடும்பம். அதிகாரி தன் பெயரைக் காத்துக்கொள்வதற்காக, ஊரார் முன்னிலையில் விங்க்கியைத் துரத்திவிடுகிறார். 'விடுதலை' பெற்ற விங்க்கி சமையற்கூடத்தின் அடுப்போரம் அமர்ந்து குடித்துக் குடித்து அழுகிறார். மற்றவர்கள் அந்த உருவத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்தி மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

இந்நிலையில் ஹெர்மயோனி ஓர் அமைப்பைத் தொடங்குகிறாள். பெயர், அறிக்கை, நீண்டகாலக் கோரிக்கை, உடனடிக் கோரிக்கை எல்லாம் உண்டு. உறுப்பினர் கட்டணம் இரண்டு வெள்ளிக்காசு. விருப்பமில்லாத இரு நண்பர்களில் ஒருவன் செயலாளர், ஒருவன் பொருளாளர். நூல்நிலையத்தில் நாட்கணக்கில் அமர்ந்து அடிமைமுறையின் வரலாற்றைத் திரட்டுகிறாள். எல்லாம் இருக்கிறது, ஓர் ஏவற்பூதம்கூட உறுப்பினராக இல்லை. அமைப்பைத் தொடங்கிய பிறகுதான் சமையற்கூடத்திற்குள்ளேயே முதன்முறையாக நுழைகிறாள். அங்கே உரிமை பற்றி உரை நிகழ்த்துகிறாள். அவர்கள் அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாவலில் பின்னல் தொப்பிகளைச் செய்து குப்பைக்கு அடியில் மறைத்துவைக்கிறாள். தெரியாமல் எடுத்தால் விடுதலை ஆகிவிடுவார்களாம்! அவர்கள் அந்தப் பகுதியைத் துப்புரவு செய்யவே மறுத்துவிடுகிறார்கள்.

ஆசிரியர் இதைக் கேலியாகவே எழுதிச் செல்கிறார். அது அவர்களின் இயல்பு, அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று கதையின் நல்ல மனிதர்களே சொல்கிறார்கள். அந்த வாதத்தை நாம் எத்தனை ஊர்களில் கேட்டிருக்கிறோம்! இந்த இடத்தில் ஆசிரியரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஹெர்மயோனியோடும் முழு உடன்பாடு இல்லை. 1943இல் தோழர் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சைக்கு வந்தபோது தமிழ் அவருடைய தாய்மொழி அன்று. அவர் சேரிகளில் தங்கினார், அவர்கள் உண்டதை உண்டார். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்த குரல் பண்ணையாட்களின் சொந்தக் குரலாக இருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தக் குரலின் அழுத்தத்தால். ஹெர்மயோனிக்குப் பதினைந்து வயது, அவளைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐம்பது வயதிலும் தொப்பி பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆவணங்களோடே வாழும் என்னையும் சேர்த்துத்தான்.

சதிகாரனிடம் திரும்புகிறேன். அவன் துவைக்க வேண்டிய அங்கிகளை எடுத்துப்போகுமாறு டாபியை ஆசிரியர் அறைக்கு அழைத்து, மூலிகையைப் பற்றி இன்னோர் ஆசிரியரிடம் உரக்கப் பேசுகிறான். டாபி அதைக் கேட்டு, மூலிகையைக் கொண்டுவந்து, சோதனை நாளன்று உறங்கிக்கொண்டிருக்கும் ஹாரியை எழுப்பிக் கையில் கொடுக்கிறார். மேல்தளத்தில் உலவுவோரில் ஏவலரின் செவியைக் கணக்கில் எடுத்துக்கொண்டவன் அந்த எதிரி ஒருவன்தான்.

2005இல் வந்த திரைப்படத்தில் இந்த டாபி இல்லை. விங்க்கி இல்லை. ஹெர்மயோனியின் அமைப்பும் இல்லை. மூலிகையை நெவில் கொடுத்துவிடுகிறான். தடித்த நூலைச் சுருக்கும்போது சிலவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குப் புரியும். ஆனால் முதலில் வெட்டுப்பட்டது சமையற்கூடம்தான் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டேன். படத்தில் உணவு மறுபடியும் தானாகத் தோன்றுகிறது.

கோப்பைக்கு வருகிறேன். புதிர்வழியின் நடுவே ஹாரியும் செட்ரிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். ஹாரியின் கால் காயம்பட்டிருக்கிறது. செட்ரிக் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். அவன் மறுக்கிறான், டிராகனைப் பற்றி நீதானே சொன்னாய், நீயே எடுத்துக்கொள் என்கிறான். இருவரும் விட்டுக்கொடுத்து வாதாடுகிறார்கள். இறுதியில் ஹாரி, இருவரும் சேர்ந்தே எடுப்போம் என்கிறான். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் கோப்பையைத் தொடுகின்றன. சதிகாரன் தீட்டிய திட்டத்தில் இந்த இரண்டாவது கைக்கு இடமில்லை. ஆண்டு முழுதும் அவனால் முன்கணிக்க முடியாமற்போனது இது ஒன்றுதான். இருவரும் ஓர் இடுகாட்டில் போய் விழுகிறார்கள். அவர்கள் தேடியது ஹாரியை மட்டும். கூட வந்தவன் தேவையற்றவன். ஒரு நொடியில் செட்ரிக் கொல்லப்படுகிறான்.

அந்தப் பக்கத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். தோழர்களே, சொந்தக் கதை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள். என்னோடு தமிழ் முதுகலை படித்த நண்பர் ஒருவர் தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு வேலைநிறுத்த நாளன்று அவர் தயங்கி நின்றார். சேர்ந்தே போவோம் வா என்று அழைத்துச் சென்றவன் நான். மறுவாரம் அவருக்கு வேலை போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது எனக்கு இழப்பதற்கு வேலையே இல்லை. அவர் என்னை ஒருநாளும் குறைசொன்னதில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோதும் தோழர் என்றுதான் அழைத்தார். அழைத்தது சரியா என்று கேட்டால் சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தச் 'சரி'யைச் சொல்லிவிட்டு இயல்பாக உறங்கப் போக என்னால் முடிந்ததில்லை. கோப்பையைத் தன்னோடு சேர்ந்து எடுக்கச் சொன்னவன் தானே என்று ஹாரி பின்னர் மருத்துவ அறையில் தேம்புகிறான். சிறுவர்களுக்கென்று எழுதப்பட்ட நூலில் இதற்கு ஆறுதலான விடை எதையும் ஆசிரியர் வைக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

ஹாரி செட்ரிக்கின் உடலைச் சுமந்து திரும்புகிறான். அமைச்சர் உண்மையை ஏற்க மறுக்கிறார். வாக்குமூலம் தந்த சதிகாரனின் ஆன்மாவையே உறிஞ்சவிட்டுச் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள். எதிரி மீண்டுவிட்டான் என்றால் நிர்வாகம் குலையும், பதவி ஆட்டம் காணும். ஆகவே எதிரி மீளவில்லை. டம்பிள்டோர் மட்டும் ஆண்டிறுதி விருந்தில் எழுந்து, செட்ரிக் எப்படிக் கொல்லப்பட்டான் என்பதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறார். அமைச்சகம் இதை விரும்பாது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஆயிரம் பொற்காசைச் செட்ரிக்கின் பெற்றோரிடம் ஹாரி கொடுக்கிறான். அவர்கள் வாங்க மறுக்கிறார்கள்.

அந்த இறுதி விருந்திலும் உணவு கீழேயிருந்துதான் வந்தது. வரிசையின் கடைசி நாவலில் ஏவற்பூதங்கள் சமையற்கத்திகளோடு மேலே வந்து போரிடுகிறார்கள். அதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் போர் முடிந்த இரவில், களைத்துப்போன ஹாரியின் மனத்தில் ஓர் எண்ணம் எழுகிறது: தன் வீட்டு ஏவற்பூதமான க்ரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவாரா என்று. ஆசிரியர் அதைக் கவனித்து எழுதினாரா, கவனியாமல் எழுதினாரா என்று மகளிடம் கேட்டேன். நான் அந்த வரியைப் படித்ததாகவே நினைவில்லை அப்பா என்றாள்.

நூலை இங்கே மேசைமேல் வைத்திருக்கிறேன். சமையற்கூடம் வருவது 21ஆம் இயல். நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது படியுங்கள். என் அரைகுறை மொழிபெயர்ப்பின் தாள்களும் உள்ளே செருகியிருக்கின்றன. சுட்டுப்பெயர் பற்றி மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஓரத்தில் எழுதலாம், பென்சிலால் மட்டும். நூல் மகளுடையது, திருப்பித் தர வேண்டும்.